‘சம்மர் அவர்ஸ்’ (2008): மெதுவாக நகரும் ஒரு பிரெஞ்சுக் குடும்பப் படம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருடைய படம்? கதை என்ன?

பிரெஞ்சு இயக்குநர் ஒலிவியே அசாயாஸ் எழுதி இயக்கிய ‘லேர் தேத்தே’ 2008ஆம் ஆண்டு வெளிவந்தது. பிரான்சுக்கு வெளியே ‘சம்மர் அவர்ஸ்’ என்ற பெயரில் பலரும் அறிந்த படம் அது. 103 நிமிடம் ஓடுகிறது.

பாரிசுக்கு வெளியே ஒரு பழைய தோட்ட வீடு. அங்கே எலென் பெர்த்தியே என்ற முதிய பெண்மணி தமது 75ஆவது பிறந்தநாளைப் பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் கொண்டாடுகிறார். காலமாகிவிட்ட ஓவியர் போல் பெர்த்தியே அவருக்குப் பெரியப்பா முறை. அவர் வாழ்ந்த வீடு அது. (இந்த ஓவியர் படத்துக்காகக் கற்பிக்கப்பட்டவர்.) ஓவியரின் வரைபுகளையும் அவர் சேர்த்துவைத்த கலைப்பொருட்களையும் காப்பதே எலெனின் வாழ்க்கையாக இருந்திருக்கிறது. சில காலத்தில் எலென் இறந்துபோகிறார். மூத்த மகன் ஃபிரெடெரிக் பாரிசில் பொருளியல் பேராசிரியர். மகள் அட்ரியென் நியூயார்க்கில் வடிவமைப்பாளர். இளைய மகன் ஜெரெமி சீனாவில் விளையாட்டுக் காலணித் தொழிலில் இருக்கிறார். வீட்டையும் அதிலுள்ள பொருட்களையும் என்ன செய்வது என்று இந்த மூவரும் முடிவெடுப்பதுதான் கதை. இதற்கு மேல் திருப்பங்கள் கிடையாது.

படம் நன்றாக இருக்கிறதா, இல்லையா?

ஒரே சொல்லில் விடை சொல்ல என்னால் இயலவில்லை. இந்தப் படம் பொருட்களை அன்போடும் பொறுமையோடும் பார்க்கிறது. ஒரு மேசை, ஒரு அலமாரி, ஒரு பூச்சாடி ஆகியவை ஒரு குடும்பத்துக்குள் எப்படிப் புழங்கின, அந்தக் குடும்பம் கலைந்தபின் அவை என்ன ஆகின்றன என்பதை இத்தனை நேர்மையோடு காட்டிய வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அதே பொறுமை அந்த மூன்று உடன்பிறந்தவர்களின்மேல் திரும்பும்போது தயக்கமாக மாறிவிடுகிறது. அவர்களுக்குள் எழவேண்டிய கோபத்தையும் ஏமாற்றத்தையும் படம் நாகரிகத்தால் மூடிவிடுகிறது. முதல் அரை மணி நேரமும் கடைசி அரை மணி நேரமும் எனக்கு மிகவும் வேண்டியவை. இடைப்பகுதியில் பலமுறை மனம் விலகிப்போனது.

மெதுவாக நகர்கிறது என்கிறார்களே, எந்த வகையில்?

நிலைத்த காட்சிகளையும் நீண்ட மௌனங்களையும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் வியப்படைவார்கள். எரிக் கோத்தியேயின் ஒளிப்பதிவுக் கருவி ஏறக்குறைய ஓயாமல் நகர்கிறது. தோட்டத்தில் ஓடும் குழந்தைகளின் பின்னால் போகிறது, உணவு மேசையைச் சுற்றி வருகிறது, அறைக்கு அறை மனிதர்களைத் தொடர்கிறது. எல்லோரும் நிறையப் பேசவும் செய்கிறார்கள். ஆகவே படம் மெதுவாகத் தோன்றுவதற்குக் காரணம் வேறு.

மற்றொரு இயக்குநர் எந்த நிகழ்ச்சிகளைச் சுற்றித் தமது படத்தைக் கட்டுவாரோ, அந்த நிகழ்ச்சிகளை அசாயாஸ் காட்டுவதே இல்லை. எலென் இறப்பதை நாம் பார்ப்பதில்லை. கல்லறைக்கு இடம் பார்க்கும் மகனைக் கண்டபிறகுதான் அவர் இறந்துவிட்டது நமக்கு உறைக்கிறது. வீட்டின் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்திடும் காட்சி இல்லை. ஏலக்கூடக் காட்சியும் இல்லை. ஒவ்வொரு பெரிய நிகழ்ச்சிக்கும் முந்தைய ஆயத்தமும் பிந்தைய எச்சமும் மட்டுமே திரைக்கு வருகின்றன. எதுவுமே நடக்கவில்லை என்று பலர் குறைப்படுவது இதனால்தான். உண்மையில் எல்லாமே நடந்துவிடுகிறது, அது நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. பெற்றோரை இழந்தவர்கள் இந்த முறையில் ஓர் உண்மை இருப்பதை உணர்வார்கள். இறப்பு நேர்ந்த கணத்தைக் காட்டிலும் அதற்குப் பின் நிரப்பவேண்டிய படிவங்களும் காலிசெய்யவேண்டிய அலமாரிகளும்தான் நினைவில் நிற்கின்றன.

அந்த மெதுவான நடை எங்கே பலன் தருகிறது?

தொடக்கப் பகுதியில், ஐயமின்றி. பிறந்தநாள் விருந்தில் பிள்ளைகள் தாய்க்குப் அறைக்கு அறை வைக்கும் பல கையடக்கக் கருவிகள் கொண்ட ஒரு புதிய வீட்டுத் தொலைபேசியைப் பரிசளிக்கிறார்கள். அதை எப்படி இயக்குவது என்பது அவருக்கு விளங்கவில்லை. பிறகு எலென் மூத்த மகனைத் தனியே அழைத்து, தமக்குப்பின் எந்தப் பொருள் எங்கே போகவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். மகன் அந்தப் பேச்சைத் தட்டிக்கழிக்கிறார். வீடு அப்படியே இருக்கும், நாங்கள் எல்லோரும் வருவோம் என்பது அவர் நம்பிக்கை. தாய்க்கு அந்த நம்பிக்கை இல்லை. எந்தப் பிள்ளை எந்த ஊரில் வேரூன்றிவிட்டது என்பதை அவர் அறிந்திருக்கிறார். இந்த உரையாடலுக்குப் படம் முழு நேரத்தையும் கொடுக்கிறது. மகன் கேட்க விரும்பாததைத் தாய் அமைதியாகச் சொல்லி முடிக்கும்வரை நாமும் அந்த அறையில் இருக்கிறோம்.

கார்கள் கிளம்பிப் போனபின், இருட்டத் தொடங்கிய அறையில் விளக்கேற்றாமல் எலென் உட்கார்ந்திருக்கிறார். வீட்டுப் பணிப்பெண் எலோயீஸ் அங்கே வருகிறார். இந்தக் காட்சியை விரைவாகக் கடந்திருந்தால் பின்னால் வரும் எதற்கும் எடை இருந்திருக்காது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இரைச்சலிட்ட வீடு ஒரே மாலையில் எவ்வளவு பெரியதாகிவிடும் என்பதை உணர்த்த அந்த நேரம் தேவைப்படுகிறது.

எங்கே அது பலன் தரவில்லை?

இடைப்பகுதியில். வழக்கறிஞர், மதிப்பீட்டாளர்கள், அருங்காட்சியக அதிகாரிகள் என்று வரிசையாக வருகிறார்கள். கலைஞர்களின் பெயர்கள் அடுக்கப்படுகின்றன. தகவலாக இவை சுவையானவையே. ஆயினும் இந்தக் காட்சிகளில் உடன்பிறந்தவர்கள் வெறும் பார்வையாளர்களாகி நிற்கிறார்கள்.

இதைவிடப் பெரிய குறை, வீட்டை விற்பது என்ற முடிவு எட்டப்படும் விதம். ஒரே உணவு வேளையில், மேசையைச் சுற்றி அமர்ந்து பேசி முடித்துவிடுகிறார்கள். சீனாவிலேயே தங்கப்போவதாக ஜெரெமி சொல்கிறார். தம் வாழ்க்கை அமெரிக்காவில்தான் என்கிறார் அட்ரியென். தனித்துவிடப்பட்ட ஃபிரெடெரிக் சிரித்தபடி ஒப்புக்கொள்கிறார். பிறர் முன்னிலையில் அவர் தம் வருத்தத்தைக் காட்டுவதில்லை, தனியே இருக்கும்போது மட்டும்தான் அழுகிறார். அந்த ஒடுக்கம் ஓர் அழகுதான் என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த வருத்தத்தின் விளைவு ஒன்றும் படத்தில் இல்லை. அடுத்த காட்சியில் அவர் வழக்கம்போல் நடமாடுகிறார். தம்பிமேலோ தங்கைமேலோ ஒரு கடுஞ்சொல்கூடப் பின்னால் எழுவதில்லை. பாகப்பிரிவினையில் கூச்சல் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அன்புள்ள குடும்பங்களில்கூட இத்தகைய முடிவு ஒரு கீறலை விட்டுச்செல்லும். அந்தக் கீறலை ஒரு பார்வையிலாவது காட்டியிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

ஃபிரெடெரிக் அந்த வீட்டைத் தாமே வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா?

பல பார்வையாளர்கள் இந்த இடத்தில் பொறுமை இழக்கிறார்கள். பிரான்சின் வாரிசுரிமைச் சட்டத்தைச் சிறிது அறிந்தால் அவருடைய நிலை தெளிவாகும்.

பிரெஞ்சுச் சட்டப்படி பெற்றோர் தம் சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு எழுதிவைக்க முடியாது. மூன்று பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் சொத்தின் நான்கில் மூன்று பங்கு பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டுவிடுகிறது. பிரிக்கப்படாத சொத்து எல்லா வாரிசுகளுக்கும் பொதுவாக நிற்கும். ஆனால் அந்தப் பொதுநிலையில் தொடரும்படி எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று உரிமையியல் சட்டத்தொகுப்பின் 815ஆம் பிரிவு சொல்கிறது. ஒருவர் தம் பங்கைக் கேட்டால் மற்றவர்கள் அவருக்குப் பணம் கொடுத்து வாங்கவேண்டும், இல்லாவிட்டால் சொத்தை விற்கவேண்டும். அதோடு இறப்பு நேர்ந்த ஆறு மாதங்களுக்குள் வாரிசுச் சொத்துக் கணக்கை அரசிடம் ஒப்படைத்து வரியும் செலுத்தவேண்டும். பேராசிரியர் ஒருவரின் ஊதியத்தில் இரண்டு பங்குகளை வாங்கி, வரியும் கட்டி, பழைய வீட்டைப் பழுதுபார்த்து நடத்துவது எளிதன்று.

படம் இதை விளக்கிச் சொல்லாமல் கடந்துபோகிறது. பிரெஞ்சுப் பார்வையாளர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. மற்ற நாட்டவருக்கு ஃபிரெடெரிக் காரணமின்றிப் பணிந்துபோகிறவராகத் தோன்றக்கூடும். சட்டத்தின் அழுத்தம் தெரிந்தபின் இரண்டாம் முறை பார்த்தபோது அந்த உணவு மேசைக் காட்சி எனக்கு முன்னைவிடக் கனமாக இருந்தது. எனினும் முந்தைய கேள்வியில் சொன்ன குறை நீங்கவில்லை.

கலைப்பொருட்களைக் கொடுத்து வரியைக் கழிப்பதாக வருகிறதே, அப்படி ஓர் ஏற்பாடு உண்மையில் உண்டா?

உண்டு. 1968 டிசம்பர் 31ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, சிறந்த கலை அல்லது வரலாற்று மதிப்புள்ள பொருட்களை அரசுக்கு அளித்து வாரிசு வரியைச் செலுத்தலாம். பாரிசிலுள்ள பிக்காசோ அருங்காட்சியகத்தின் மையத் தொகுப்பு இப்படித்தான் அரசுக்கு வந்தது. ஒரு பொருளை ஏற்பதா வேண்டாமா என்பதை வல்லுநர் குழு ஆராய்கிறது. படத்தில் அத்தகைய ஒரு கூட்டமும் காட்டப்படுகிறது. ஒரு குடும்பத்தின் அன்றாடப் பொருட்கள் அந்த மேசையின்மேல் பட்டியலாக மாறுவதைப் பார்ப்பது வருத்தமளிக்கிறது. ஆயினும் அந்த அதிகாரிகளைப் படம் வில்லன்களாக்கவில்லை. அவர்களும் அந்தப் பொருட்களை மதிக்கிறார்கள், வேறு விதமாக.

படத்தில் வரும் கலைஞர்கள் யார்? அவர்களைத் தெரியாமல் படம் புரியுமா?

புரியும். போல் பெர்த்தியே கற்பனை. ஆனால் அவர் சேர்த்ததாகச் சொல்லப்படும் பொருட்களின் படைப்பாளிகள் உண்மையானவர்கள். 19ஆம் நூற்றாண்டின் இயற்கைக்காட்சி ஓவியர் கொரோ, கனவுத்தன்மை மிக்க ஓவியங்களை வரைந்த ஒதிலோன் ரெதோன், நான்சி நகரத்துத் தச்சுக்கலைஞர் லூயி மஜோரெல், வியன்னாவின் வடிவமைப்பாளர் யோசஃப் ஹோஃப்மன், பீங்கான்களுக்கு வடிவம் தந்த ஃபெலிக்ஸ் பிராக்மோன் ஆகியோரின் பெயர்கள் வருகின்றன. பிரெஞ்சுக் கலைஞர் தேகாவின் சுண்ணச் சிற்பம் ஒன்று, பிள்ளைகள் சிறுவயதில் விளையாடி உடைத்தது, துண்டு துண்டாக ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கிடக்கிறது. எலென் அதைத் தூக்கியெறியவும் இல்லை, ஒட்டவும் இல்லை. அந்த வீட்டில் கலையும் வாழ்க்கையும் எப்படிக் கலந்து கிடந்தன என்பதற்கு அந்தப் பை ஒன்றே போதும்.

ஃபிரெடெரிக் தம் பிள்ளைகளிடம் கொரோவின் ஓவியங்களைக் காட்டி, இவை ஒருநாள் உங்களுடையவை என்கிறார். அவர்களுக்கு அதில் ஆர்வமே இல்லை. அந்த இளையவர்களைக் குறை சொல்லும் தொனி படத்தில் எங்கும் இல்லாதது எனக்கு நிறைவளிக்கிறது.

ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன தொடர்பு?

பாரிசின் பழைய ரயில் நிலையம் ஒன்றில் 1986ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அது. 1848 முதல் 1914 வரையிலான கலையே அதன் களம். தனது இருபதாம் ஆண்டையொட்டி அது பல இயக்குநர்களைப் படம் எடுக்க அழைத்தது. அந்த முயற்சியிலிருந்து கிளைத்த படங்களில் இதுவும் ஒன்று.

அந்த அழைப்பைப் பெற்றுக்கொண்டு அசாயாஸ் செய்திருப்பது துணிவான காரியம். படத்தின் பிற்பகுதியில் ஃபிரெடெரிக்கும் மனைவி லிசாவும் ஓர்சேவுக்குச் சென்று, தங்கள் வீட்டில் கிடந்த மேசையையும் பூச்சாடியையும் காட்சிக்கு வைக்கப்பட்ட நிலையில் பார்க்கிறார்கள். பார்வையாளர்கள் அவற்றைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். பொருட்கள் பத்திரமாக இருக்கின்றன, துடைத்துச் சுத்தமாக இருக்கின்றன, ஆனால் எவருக்கும் பயன்படவில்லை. அழைத்தவர்களின் கூடத்துக்குள்ளேயே நின்று, பாதுகாக்கப்படுவதால் ஒரு பொருள் எதை இழக்கிறது என்று கேட்கிறது படம். அதே சமயம், அந்தக் கூடம் இல்லாவிட்டால் அவை சிதறி அழிந்திருக்கும் என்பதையும் மறைக்கவில்லை. படத்திலேயே நான் மிக உயர்வாக மதிக்கும் பகுதி இது.

பணிப்பெண் எலோயீஸ் பற்றிப் பலரும் பேசுகிறார்களே?

இசபெல் சதோயான் நடித்த இந்தப் பாத்திரத்துக்குத் திரையில் கிடைக்கும் நேரம் குறைவு. ஆனால் படத்தின் மனச்சாட்சி அவர்தான். எலென் இறந்தபின், நினைவாக வீட்டிலிருந்து ஏதேனும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர்களுடைய நல்ல மனத்தைப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது என்று எண்ணி, மதிப்பில்லாதது என்று தாம் நினைக்கும் ஒரு சாதாரணப் பூச்சாடியை அவர் எடுத்துக்கொள்கிறார். அது உண்மையில் பிராக்மோனின் அரிய படைப்பு. அதன் விலை அவருக்குத் தெரியாது. அதில் பூ வைக்கலாம் என்பது மட்டும் தெரியும். அதன் இணை அருங்காட்சியகத்தில் வெறுமையாக நிற்கிறது. இரண்டில் எது தனக்குரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைப் படம் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இங்கும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வாழ்நாளெல்லாம் அந்த வீட்டில் உழைத்த எலோயீஸ் எங்கே போகிறார், எப்படி வாழ்கிறார் என்பதில் படம் போதிய அக்கறை காட்டவில்லை. மேசைக்குக் கிடைத்த கவனத்தில் பாதியாவது அவருக்குக் கிடைத்திருக்கவேண்டும்.

எலெனுக்கும் அந்த ஓவியருக்கும் இடையிலான உறவு என்ன?

அவர்கள் காதலர்களாக இருந்திருக்கலாம் என்று படம் கோடிகாட்டுகிறது. அட்ரியென் அதை எளிதாக எடுத்துக்கொள்கிறார். ஃபிரெடெரிக் நம்ப மறுக்கிறார். படம் இதற்குமேல் தோண்டாதது சரியான முடிவு என்றே கருதுகிறேன். தாயின் ரகசியம் தாயோடு போய்விடுகிறது.

நடிப்பு எப்படி?

எலெனாக வரும் எதித் ஸ்கோப் முதல் அரை மணி நேரத்தோடு மறைந்துவிடுகிறார். ஆனால் அவர் இல்லாமை படம் முழுவதும் உணரப்படுகிறது. சிறந்த துணை நடிகைக்கான பிரான்சின் சேசார் திரைப்பட விருதுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. ஷார்ல் பெர்லிங்கின் ஃபிரெடெரிக், சிரிப்பால் வருத்தத்தை மறைக்கும் ஒரு நடுவயதுக்காரரின் துல்லியமான சித்திரம். அட்ரியெனாக வரும் ஜூலியட் பினோஷுக்குப் புகழுக்கேற்ற வேலை தரப்படவில்லை. அட்ரியெனின் நியூயார்க் வாழ்க்கை வெறும் பேச்சாகவே நின்றுவிடுகிறது. ஜெரெமி ரெனியே நடித்த இளைய மகன் பாத்திரமும் அப்படியே. உலகமயமாதல் குடும்பங்களைக் கலைக்கிறது என்ற கருத்தைத் தாங்குவதற்காக அவர் வைக்கப்பட்டிருக்கிறார் என்ற எண்ணம் எனக்குப் பலமுறை எழுந்தது.

இது வசதி படைத்தவர்களின் கவலை மட்டும்தானே?

கொரோவின் ஓவியத்தை விற்பதா வைத்துக்கொள்வதா என்ற சிக்கல் மிகச் சிலருக்கே வாய்க்கும் என்பது உண்மை. இந்த எதிர்ப்பை நான் முழுதாகத் தள்ளிவிடமாட்டேன். பணத்தட்டுப்பாடு இந்தக் குடும்பத்தை எங்கும் உண்மையாக நெருக்கவில்லை, அதனால் படத்தின் பதற்றமும் தணிந்துவிடுகிறது. ஆனால் படத்தில் அதிகம் வலிப்பவை விலையுயர்ந்த பொருட்கள் அல்ல. எலெனுக்குப் புரியாமல்போன அந்தத் தொலைபேசியும், விளையாட்டுச் சாமான் அடைக்கப் பயன்பட்ட அலமாரியும், கோடையில் வந்து தங்கும் பழக்கமும்தான். அவற்றை இழக்கச் செல்வம் வேண்டியதில்லை.

கடைசிக் காட்சி ஏன் இளைஞர்களின் கொண்டாட்டமாக இருக்கிறது?

வீடு கைமாறுவதற்கு முன் ஃபிரெடெரிக்கின் மகள் சில்வி நண்பர்களைத் திரட்டி அங்கே வார இறுதியைக் கழிக்கிறாள். பொருட்கள் அகற்றப்பட்ட அறைகளில் உரத்த இசை ஒலிக்கிறது. அவள் ஏற்கெனவே ஒரு திருட்டுக் குற்றத்துக்காகக் காவல் நிலையத்தில் சிக்கியவள். அந்தக் காவல் நிலையக் காட்சி வேறொரு படத்திலிருந்து வந்ததுபோல் தனித்து நிற்பதாக முதலில் எண்ணினேன், இப்போதும் அது சரியாகப் பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அவளைப் பொறுப்பற்றவள் என்று நம்மை எண்ணவைத்துவிட்டு, இந்த வீட்டுக்காக உண்மையில் கண்ணீர் விடுகிறவள் அவள்தான் என்று காட்டும்போது முடிவு வலுப்பெறுகிறது. ஒருநாள் உன் பிள்ளைகளோடு இங்கே வருவாய் என்று பாட்டி சொன்னதை அவள் தன் காதலனிடம் நினைவுகூர்கிறாள். பெரியவர்களின் கூட்டங்களில் அவளை எவரும் கேட்கவேயில்லை. கணக்குக்கும் சட்டத்துக்கும் வெளியே நின்ற ஒருத்தியிடம் படம் தன் கடைசிப் பத்து நிமிடங்களை ஒப்படைப்பது, இடைப்பகுதியில் நான் கண்ட தயக்கத்துக்கு ஓரளவு ஈடுசெய்கிறது.

விமர்சகர்கள் இதை எப்படி வரவேற்றார்கள்?

அமெரிக்காவில் மிகுந்த வரவேற்பு கிடைத்தது. நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய இரு நகரங்களின் திரைப்பட விமர்சகர் அமைப்புகளும் 2009ஆம் ஆண்டின் சிறந்த வெளிநாட்டுப் படமாக இதைத் தேர்ந்தெடுத்தன. அந்தப் பாராட்டில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடே. இதைக் குறையற்ற படைப்பு என்று சொல்வதில்தான் உடன்பாடில்லை.

யார் பார்க்கலாம்? எப்படிப் பார்ப்பது நல்லது?

பெற்றோரின் வீட்டைக் காலிசெய்தவர்கள், அல்லது அந்த நாள் நெருங்குவதை அறிந்தவர்கள் அவசியம் பார்க்கவேண்டும். கதையின் விசையை நம்பிப் படம் பார்ப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கமாட்டேன், அவர்கள் சலிப்படைந்தால் அது அவர்களுடைய குற்றமும் அன்று. ஒரே அமர்வில் பாருங்கள். முதல் அரை மணி நேரத்தில் அறைகளில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, யார் அதைத் தொடுகிறார்கள், எதில் பூ வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனித்துவையுங்கள். பெயர்களும் விலைகளும் பின்னால் வந்து குவியும்போது அவற்றை நினைவில் வைக்கத் தேவையில்லை. முதலில் கவனித்த பொருட்களே உங்களை இடைப்பகுதியின் தொய்வைக் கடக்கவைக்கும்.